பாம்பு பிடிக்குமா? அதையே வேலையாக்குவது எப்படி

சின்ன வயதில் ஓணான், தவளை, தட்டான் பின்னாலேயே சுற்றி வீட்டில் அடி வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். முப்பது வயதில் ஐடி கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, பேசாமல் வனவிலங்குப் பாதுகாப்பு வேலைப் பக்கம் போயிருக்கலாமோ என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்த விஷயத்தில் எல்லோரும் சொல்கிற பெயர் ரோமுலஸ் விட்டேகர். சிறுவனாக இருந்தபோதே பாம்புப் பைத்தியம். கிண்டி பாம்புப் பண்ணையும் அவர் தொடங்கியது, 1976இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் வந்த முதலைப் பண்ணையும் அவர் தொடங்கியது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்றது, அதை நம்பியிருந்த இருளர்களுக்குப் பிழைப்பு போனது. 1978இல் விட்டேகரின் முயற்சியில் அவர்களுக்காகவே ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது: நாகம், கட்டுவிரியன் மாதிரியான பாம்புகளைப் பிடிப்பார்கள், விஷம் எடுப்பார்கள், திரும்பக் காட்டில் விடுவார்கள், அந்த விஷம் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகும். பாம்பின் மேல் இருந்த ஆசை மனிதர்களின் சோற்றுப் பிரச்சினையைத் தொட்ட இடம் அது. உங்கள் ஆசை யாருடைய பிரச்சினையைத் தொடுகிறது என்று முதலில் யோசியுங்கள்.

வேலையை விடாதீர்கள். ஒரு சீசன் சும்மா போய்ப் பாருங்கள். சென்னை என்றால் ஆமை நடை இருக்கிறது. மாணவர்கள் 1988இலிருந்து நடத்துகிறார்கள். நடுராத்திரியில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, முட்டையிடக் கரைக்கு வரும் பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி கடலாமை) தடம் தேடி, கூட்டைக் கண்டுபிடித்து, நூறு முட்டை போல இருக்கும், அத்தனையையும் பொரிப்பகத்தில் சேர்க்க வேண்டும். பல ராத்திரி ஆமையே வராது, சில நாள் இழுவலையில் சிக்கிச் செத்து ஒதுங்கியதுதான் கிடைக்கும். அப்போதும் அடுத்த வாரம் போகத் தோன்றினால் சரி, மேலே படியுங்கள். ராத்திரி கண் விழிக்க முடியாதவர்களுக்குப் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது, வீட்டு மாடியிலிருந்தே செய்யலாம்.

அப்புறம் படிப்பு. மயிலாடுதுறை ஏவிசி கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை இருக்கிறது, டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது. எல்லோரும் விஞ்ஞானியாகத்தான் வர வேண்டும் என்றில்லை. தொண்டு நிறுவனங்களில் ஆமை பார்க்க ஆள் வரிசையில் நிற்கும், கணக்கு எழுதத்தான் ஆள் கிடைக்காது. நன்கொடையாளருக்குப் புரிகிற மாதிரி அறிக்கை எழுதுகிறவர், மீனவர் குப்பத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசத் தெரிந்தவர், இவர்களெல்லாம் தங்கம். ஐடியில் கற்றது வீண் போகாது.

வேலைக்குச் சேரும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்தத் திட்டத்துக்கு எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, முடிந்ததும் என் சம்பளம் எங்கிருந்து வரும், பிஎஃப் உண்டா? நான் முதலில் சேர்ந்த இடத்தில் இதைக் கேட்கவில்லை. சேவை செய்ய வந்துவிட்டுச் சம்பளம் பேசுவதா என்று ஒரு வெட்கம். பதினோராவது மாதம் நிதி தீர்ந்துபோய் வீட்டில் நின்றேன்.

சொந்தமாகத் தொடங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தள்ளிப் போடுங்கள். சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும், அறக்கட்டளை என்றால் பத்திரப்பதிவு, அதன்பின் வருமான வரி விலக்குக்கும் நன்கொடையாளர்களின் வரிச் சலுகைக்கும் தனித்தனிப் பதிவு, கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் வாங்க இன்னொரு பதிவு, வருடா வருடம் ஆடிட்டர். பாம்பைப் பார்க்கவே நேரம் இருக்காது.

அனுமதியில்லாமல் பாம்பு பிடித்து ரீல்ஸ் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சட்டப்படி குற்றம், கடித்தால் உயிரே போகும்.

ஆமை நடை ஜனவரி வாக்கில் தொடங்கும். வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள், டார்ச் கேமரா ஃபிளாஷ் எதுவும் வேண்டாம், தண்ணீர் பாட்டில் போதும்.