பெர்லினில் மூன்று மாதம் தங்கப் போகிறீர்களா? சைக்கிளில் ஊரைப் பாருங்கள்

படிப்புக்கோ வேலைக்கோ, இல்லை மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ளவோ பெர்லினுக்கு வருகிற பலரும் பிராண்டன்பர்க் வாசல், நாடாளுமன்றம், டிவி கோபுரம் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே பார்த்து முடித்துவிடுகிறார்கள். அப்புறம் மிச்சமிருக்கிற மாதங்களில் எங்கே போவதென்று தெரிவதில்லை. சுரங்க ரயிலிலேயே சுற்றினால் இந்த ஊர் ஸ்டேஷன் ஸ்டேஷனாகத்தான் மனதில் பதியும். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிடக்கிற தெருக்களிலும் கால்வாய்க் கரைகளிலும்தான் பெர்லினில் பார்க்க வேண்டியது பாதிக்கு மேல் இருக்கிறது என்பது என் எண்ணம், அதற்கு சைக்கிள்தான் சரி.

ஊர் பெரியது, கிட்டத்தட்ட 891 சதுர கிலோமீட்டர். ஆனால் பெரும்பாலும் சமதளம். பனியுகத்தில் உருகி ஓடிய வெள்ளம் அரித்த அகலமான பள்ளத்தாக்கில் ஊரின் நடுப்பகுதி உட்கார்ந்திருக்கிறது, வடக்கே பிரென்ஸ்லாவர் பெர்க் பக்கமும் தெற்கே க்ரொய்ஸ்பெர்க் பக்கமும் மட்டும் லேசாக மேடு ஏறும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் மூச்சு வாங்காமல் ஓட்டலாம். சுற்றுலா விசா என்றால் 180 நாட்களில் 90 நாட்கள்தான் ஷெங்கன் நாடுகளில் இருக்க முடியும், அந்த 90 நாட்களை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் மே முதல் செப்டம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும்.

முதலில் வண்டி. மூன்று மாதத்துக்கு நாள் வாடகை கட்டுப்படியாகாது. மாதச் சந்தாவில் சைக்கிள் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, ரிப்பேரையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கு அது நல்லது. மற்றவர்கள் பழைய வண்டி விற்கும் கடையில் பில்லோடு வாங்குங்கள். தனி ஆளிடமோ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ வாங்கினால் விற்பவர் பெயர், தேதி, ஃப்ரேமில் பொறித்திருக்கும் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருட்டு வண்டிகள் இங்கே நிறையக் கைமாறுகின்றன, தெரியாமல் வாங்கினாலும் சட்டப்படி அது உங்களுடையது ஆகாது, உரிமையாளர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

டயர் அகலமாக இருக்கட்டும், 40 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். கருங்கல் பாவிய தெருக்கள் ஊர் முழுக்க இருக்கின்றன, ஒல்லி டயரில் அந்தக் கல்லில் போனால் முதுகெலும்பு எண்ணிக்கை சொல்லிவிடும். வாங்குவதற்கு முன் கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், முக்கியமாக பிரேக்குக்காக. இங்கே பெரும்பாலும் இடது கைப் பிடி முன் சக்கரத்தைப் பிடிக்கும், நம் பழக்கத்துக்கு நேர் எதிர். பல வண்டிகளில் பெடலைப் பின்னால் மிதித்தால் பின் சக்கரம் நின்றுவிடும். சிக்னலில் நிற்கும்போது பெடலைச் சும்மா பின்னோக்கிச் சுழற்றுகிற பழக்கம் நமக்கு உண்டு, இந்த வண்டியில் அது முடியாது. வால்வைக் குனிந்து பாருங்கள். சாதாரண ஊர்சுற்றும் வண்டிகளில் பெரும்பாலும் நம்மூர் அட்லஸ், ஹெர்குலஸில் இருக்கிற அதே வகை வால்வுதான், உள்ளே அந்தச் சின்ன ரப்பர் ட்யூப் மட்டும் இருக்காது. பம்பு வாங்கும்போது வண்டியைக் கடைக்கே தள்ளிக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்து வாங்கினால் குழப்பமே இல்லை.

பூட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். கனமான யு வடிவப் பூட்டு ஒன்று, ஃப்ரேமையும் சேர்த்து அசையாத இரும்புக் கம்பத்தோடு மாட்ட வேண்டும். சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போனால் சக்கரம் மட்டும்தான் மிஞ்சும். முன்னும் பின்னும் விளக்கு, மணி, இரண்டு பிரேக், ஒளி திருப்பும் பட்டைகள் எல்லாம் சட்டப்படி கட்டாயம். ஹெல்மெட் கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள்.

சாலை விதியில் நமக்குக் கை வராத இடங்களை மட்டும் சொல்கிறேன். வண்டிகள் வலதுபுறம் போகும். நேர் சாலையில் இது சீக்கிரம் பழகிவிடும், இடதுபக்கம் திரும்பி முடித்த அந்த நொடியில்தான் உடம்பு பழைய பக்கத்துக்கு இழுக்கும். அதனால் முதல் வாரம் பெரிய சந்திப்புகளில் இடதுபக்கம் திரும்பவே வேண்டாம்: நேராகக் கடந்து, அந்தப் பக்கம் நின்று, அடுத்த பச்சை விளக்கில் குறுக்கே போங்கள், அது சட்டப்படியும் சரிதான். பலகையும் விளக்கும் இல்லாத சின்னச் சந்திப்புகளில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை, அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும் நீங்கள் நின்றுதான் ஆக வேண்டும். நடைபாதையில் ஓட்டக் கூடாது, குழந்தைகளுக்குத்தான் அந்த அனுமதி. ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்தால் 55 யூரோ அபராதம், சிவப்பு விளக்கைத் தாண்டினால் குறைந்தது 60. திரும்புவதற்கு முன் கை காட்டுங்கள், அதற்கும் முன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆபத்துகள் நிஜமானவை. ஒன்று, நிறுத்தி வைத்த காரின் கதவு திடீரென்று திறப்பது, எப்போதும் காருக்கும் உங்களுக்கும் ஒரு மீட்டராவது இடைவெளி இருக்கட்டும், பின்னால் யார் மணி அடித்தாலும் ஓரம் ஒதுங்காதீர்கள். இன்னொன்று டிராம் தண்டவாளம். சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் ஆள் விழுவது நிச்சயம், மழை நாளில் இரும்பின் மேல் வழுக்கவும் செய்யும். குறுக்கே கடக்கும்போது முடிந்தவரை செங்கோணத்தில் கடந்துவிடுங்கள். டிராம் பெரும்பாலும் பழைய கிழக்கு பெர்லின் பகுதியில்தான் ஓடுகிறது, மேற்கு பெர்லின் தன் கடைசி டிராமை 1967-இல் நிறுத்திவிட்டது. தண்டவாளம் நிறைய இருந்தால் நீங்கள் கிழக்கில் இருக்கிறீர்கள் என்று அநேகமாக வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் பழக டெம்பல்ஹோஃப் திடலுக்குப் போங்கள். 2008-இல் மூடப்பட்ட விமான நிலையம் அது, 2010-இல் பூங்காவாகத் திறந்தார்கள், அதில் வீடு கட்டக் கூடாதென்று 2014-இல் மக்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். 1948-49-இல் சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்கான தரைவழியை அடைத்தபோது உணவும் நிலக்கரியும் வந்திறங்கிய ஓடுபாதைகளில் இன்று கார் பயமில்லாமல் இரண்டு கிலோமீட்டர் நேராக மிதிக்கலாம். எதிர்க்காற்று பலமாக அடிக்கும், அதிலேயே கியர் மாற்றிப் பழகுங்கள். இருட்டினால் வாசலை மூடிவிடுவார்கள்.

சரி, எப்படிச் சுற்றுவது? முதல் வாரம் வீட்டைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே இருங்கள். பேக்கரி, மருந்துக்கடை, நூலகம், பூங்கா எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு தடவையும் வேறு தெரு வழியாகப் போய் வாருங்கள், போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். வழி தவறினால் தெருப் பெயர்ப் பலகையைப் பாருங்கள், அந்தப் பகுதியில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வீடுகள் என்று பெரும்பாலும் அதிலேயே போட்டிருக்கும். பழைய தெருக்களில் வீட்டு எண் ஒரு பக்கம் முழுக்க வரிசையாக ஏறிப் போய், தெருமுனையில் திரும்பி, எதிர்ப்பக்கத்தில் தொடர்ந்துகொண்டே வரும், அதனால் 5-க்கு எதிரே 120 இருந்தால் திகைக்காதீர்கள். மெதுவாகப் போனால்தான் கண்ணில் படுகிறவை இந்தத் தெருக்களில் இருக்கின்றன: வாசல் முன் தரையில் பதித்த பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைக் கற்கள். நாஜிகள் அந்த வீட்டிலிருந்து பிடித்துப் போனவரின் பெயரும் பிறந்த ஆண்டும் கொண்டுபோன தேதியும் அதில் இருக்கும். வண்டியை நிறுத்தி இறங்கிப் படியுங்கள். ஒரே வாசலில் ஒரு குடும்பமே வரிசையாக இருப்பதைப் பார்த்த பிறகு அந்தத் தெருவில் வேகமாகப் போக மனம் வராது.

இரண்டாவது வாரத்திலிருந்து இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு ஓடாமல், ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கால்வாய் ஒரு கோடு, பழைய மதில் (பெர்லின் சுவர்) ஒரு கோடு, ஆறு ஒரு கோடு. அதன் கூடவே போங்கள், களைத்தால் ரயிலில் திரும்புங்கள், இன்னொரு நாள் அதே வழியை மறுமுனையிலிருந்து ஓட்டுங்கள். எதிர்த்திசையில் அதே தெரு வேறு தெருவாகத்தான் தெரியும். எஸ்-பான் (நகர ரயில்), யு-பான் (சுரங்க ரயில்) இரண்டிலும் சைக்கிளை ஏற்றலாம், அதற்குத் தனியாகச் சைக்கிள் டிக்கெட் வாங்க வேண்டும், சைக்கிள் படம் போட்ட கதவில் ஏற வேண்டும். அலுவலக நேரத்தில் ஏற்றாதீர்கள்.

மதில் வழி இருப்பதிலேயே நீளமானது, ஏறத்தாழ 160 கிலோமீட்டர். பலர் நினைப்பது போல மதில் ஊரின் நடுவே மட்டும் ஓடவில்லை, மேற்கு பெர்லினை முழுதாகச் சுற்றி வளைத்து நின்றது. கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே ஓடியது 43 கிலோமீட்டர்தான், மிச்சமெல்லாம் புறநகரும் காடும் ஏரிக்கரையுமாகப் போகும். இதை 14 துண்டாகப் பிரித்துப் பலகை வைத்திருக்கிறார்கள், வாரம் ஒரு துண்டு போதும். ஊருக்குள் இரட்டை வரிசைக் கற்களைத் தரையில் பதித்து மதில் நின்ற இடத்தைக் காட்டியிருக்கிறார்கள், அதைப் பின்தொடர்ந்தே ஓட்டலாம். பெர்னவர் தெருவின் நினைவிடத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஏப்ரல் பின்பாதியில் இருந்தால் 1989 நவம்பர் 9 இரவு முதலில் திறந்த போர்ன்ஹோல்மர் தெருப் பாலத்துக்குப் போங்கள், ஜப்பானியர்கள் நன்கொடை திரட்டி நட்ட செர்ரி மரங்கள் மதில் இருந்த நிலத்தில் பூத்து நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி தெற்கே போவது, தமிழர்கள் யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். லாண்ட்வேர் கால்வாய்க் கரையில், மய்பாஹூஃபரில் செவ்வாயும் வெள்ளியும் கூடும் துருக்கியர் சந்தையில் தொடங்குங்கள். கூட்டத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும், கொத்தமல்லி, கத்திரிக்காய், பழம் எல்லாம் கிடைக்கும். அங்கிருந்து தெற்கே நொய்கோல்ன் வழியாக ரிஷார்ட்பிளாட்ஸுக்கு வாருங்கள். சுற்றிலும் நகர இரைச்சல், நடுவில் திடீரென்று கல் பாவிய கிராமச் சதுக்கம், கொல்லன் பட்டறை, தாழ்ந்த கூரை வீடுகள். 1737-இல் மதத்துக்காகத் துரத்தப்பட்டு வந்த பொஹீமியக் குடும்பங்களுக்கு பிரஷ்ய அரசர் முதலாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் கொடுத்த இடம் இதை ஒட்டியே இருக்கிறது. பக்கத்துச் சந்தில் அவர்களின் வழிவந்தவர்கள் வைத்த அந்த அரசர் சிலை இன்றும் நிற்கிறது.

அப்படியே இன்னும் தெற்கே பிரிட்ஸுக்குப் போனால் பிளாஷ்கோ ஆலேயில் மயூரபதி முருகன் கோயில். 1980-களில் ஈழத்தமிழர் பலர் கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ் தெரு ஸ்டேஷன் வழியாக மேற்கு பெர்லினுக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். நகரின் நடுவே போன அந்த எல்லைக் கோட்டை மேற்குத் தரப்பு நாட்டெல்லையாக ஏற்காததால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் சோதனை கிடையாது. அந்தத் தமிழர்கள் எழுப்பிய கோயில் இது. கும்பிட்டுவிட்டு, குதிரை லாட வடிவில் புரூனோ டௌட் வடிவமைத்த, 1920-களில் கட்டிய குடியிருப்பையும் பாருங்கள், கோயிலிலிருந்து சைக்கிளில் கொஞ்ச தூரம்தான், 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சாதாரணச் சம்பளக்காரர்களுக்காகக் கட்டிய வீடுகள், வெள்ளையும் நீலமுமாக வளைந்து போகின்றன, நடுவில் ஒரு குளம். ஆட்கள் குடியிருக்கும் இடம், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

ஒரு முழு நாள் கிடைத்தால் வான்ஸே வரை எஸ்-பானில் போய், எஃப் 10 படகில் வண்டியோடு ஏறி கிளாடோவில் இறங்குங்கள். சாதாரண நகர டிக்கெட்டே செல்லும், சைக்கிளுக்கு மட்டும் தனி டிக்கெட். இருபது நிமிடத்தில் ஹாஃபல் ஆற்றின் அந்தக் கரை, பிறகு கரையோரமாகவே வடக்கே ஸ்பாண்டவ் வரை ஓட்டலாம்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியது: மழைச் சட்டை, தண்ணீர், பஞ்சர் ஒட்டும் சாமான், கொஞ்சம் சில்லறை. தெருவோரம் பச்சை நிறத்தில் நிற்கும் பழைய இரும்புக் கைப்பம்புகள் அவசரகாலத்துக்கு, அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். குடிநீர்க் குழாய்கள் தனியாக இருக்கின்றன, கோடையில் ஓடும். ஞாயிறன்று கடைகள் அநேகமாக மூடியிருக்கும், சனிக்கிழமையே புளி சாதம் கட்டுவதற்கானதை வாங்கி வைத்துவிடுங்கள், ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட அதைப்போல வேறொன்றில்லை.

ஊர் திரும்பும் நேரம் செப்டம்பர் கடைசி என்றால் வண்டியை விற்பது சுலபம், அக்டோபரில் பல்கலைக்கழகம் திறப்பதால் மாணவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு வாரம் முன்பே சொல்லி வையுங்கள், பூட்டையும் பம்பையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள், நீங்கள் வாங்கியபோது எழுதி வாங்கிய அந்தத் தாளையும் மறக்காமல் கொடுங்கள்.