ப்ளஸ் டூ வகுப்பில் தெருக் கும்பல்களைப் பற்றிப் பேசுவது எப்படி?

கோத்தகிரியில் வகுப்பு எடுக்கிறேன். ரீல்ஸ் பார்த்துவிட்டுப் பசங்க கும்பல்காரர்கள் மாதிரி விரலை மடக்கிக் காட்டுவார்கள். திட்டாதீர்கள், உலக வரைபடத்தை மாட்டுங்கள்.

மத்திய அமெரிக்காவில் இருக்கும் எல் சால்வடார் நாட்டில் தொடங்குங்கள். 1980 முதல் 1992 வரை அங்கே உள்நாட்டுப் போர். லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தப்பிப்போன குடும்பங்களின் பிள்ளைகள், முதலில் ஹெவி மெட்டல் பாட்டுக்காகக் கூடினார்கள் (இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிரும்). மற்ற கும்பல்களின் அடிக்குப் பயந்து ஆயுதம் எடுத்தார்கள், அதுதான் எம்.எஸ்.13 என்ற கும்பல். போருக்குப் பின் அமெரிக்கா பலரை நாடு கடத்த, கும்பல் எல் சால்வடாரிலும் வேர் விட்டது.

இங்கே நிதானமாகப் போங்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. "இங்கே வந்தவர்களுக்காக டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். எல் சால்வடாரில் போய் இறங்கிய பையனுக்கு யார் வேலை வைத்திருந்தார்கள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

விளைவுக்கு ஒரு கணக்கு போதும். அங்கே சின்னக் கடைக்காரரும் பஸ்காரரும் கும்பலுக்கு மாமூல் கட்டினார்கள். நம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்கு அப்படி வந்தால் டீ என்ன விலை ஆகும்? பசங்களே போடட்டும்.

போலீஸ்காரரை மட்டும் அன்றைக்குக் கூப்பிடாதீர்கள். ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான்.