வால்வு பாதி திறந்திருந்தால் ரேடியேட்டர் அடிக்கும்: பழைய நியூயார்க் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

குவீன்ஸில் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில், 1920-களில் கட்டிய கட்டடத்தில் ஒரு படுக்கையறை கோ-ஆப் (கூட்டுறவு முறை) வீடு வாங்கிக் குடிவந்தோம். உயரமான கூரை, ஓக் மரத் தரை, ஜன்னலைத் திறந்தால் பின்பக்கம் எல்லோருக்கும் பொதுவான தோட்டம். வந்த முதல் நவம்பரில் ஒருநாள், விடிகாலை ஐந்தரைக்கு யாரோ சுத்தியலால் குழாயை அடிப்பதுபோல் ‘டங், டங்’ என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டரின் ஓரத்திலிருந்து துருத் தண்ணீர் தெறித்து, டிகாக்‌ஷன் நிறத்தில் தரையில் தேங்கியிருந்தது. இதைச் சரிசெய்ய எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. வழி தெரிந்தால் ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

முதலில் ரேடியேட்டருக்கு எத்தனை குழாய் வருகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு குழாய் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். இரண்டு என்றால் கீழே கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. யூடியூபில் தேடினால், சின்னச் சாவி போட்டு ரேடியேட்டரில் காற்றை இறக்கும் வீடியோக்கள்தான் வரிசையாக வரும். அவை வெந்நீர் ரேடியேட்டருக்கானவை. நம்முடையது நீராவி. இதில் அந்தச் சாவிக்கு வேலையே இல்லை.

ஏன் அடிக்கிறது?

அடித்தளத்தில் இருக்கும் பாய்லரிலிருந்து நீராவி ஒரு குழாய் வழியாக மேலே வருகிறது. ரேடியேட்டருக்குள் குளிர்ந்து தண்ணீராகி, வந்த குழாயிலேயே கீழே இறங்குகிறது. இட்லிப் பானை மூடியிலிருந்து நீர் சொட்டுகிறதே, அதேதான். போக்கும் வரவும் ஒரே பாதை. இறங்க வழியில்லாமல் தண்ணீர் எங்காவது தேங்கினால், அடுத்து வரும் நீராவி அதில் மோதுகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 டம்ளர் இடத்தை அடைக்கும். அது குளிர்ந்த நீரில் பட்டு ஒரு நொடியில் சுருங்கும்போது, சுற்றியிருக்கும் தண்ணீர் அந்த வெற்றிடத்துக்குப் பாய்ந்து இரும்பில் அறைகிறது. நாம் கேட்பது அந்த அறைதான். நீராவியின் அழுத்தத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். நம் குக்கரில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு இருக்கும். இங்கே பெரும்பாலும் இரண்டு பவுண்டுகூட இருக்காது. சூடு மட்டும் சூடுதான், கைபட்டால் சுட்டுவிடும்.

விடிகாலையில் அடிப்பதற்கும் காரணம் உண்டு. நகரச் சட்டப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், காலை 6 முதல் இரவு 10 வரை வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும். இரவில் 62 போதும். ஆறு மணிக்குள் 68-ஐத் தொட வேண்டுமென்றால் பாய்லர் அதற்கு முன்பே எரிய ஆரம்பிக்கிறது.

வால்வு

நான் தடுக்கி விழுந்த இடம் இது. ரேடியேட்டரின் அடியில், குழாய் சேரும் இடத்தில் இருக்கும் கைப்பிடியைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்து, சூடு அதிகமாக இருக்கிறதே என்று பாதி மூடிவைத்திருந்தேன். அப்படிச் செய்யவே கூடாது. பாதி திறந்த வால்வில் நீராவி உள்ளே நுழைந்துவிடும். தண்ணீரால் வெளியே வர முடியாது. ஒன்று முழுதாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுதாக மூடியிருக்க வேண்டும். நடுவில் ஒரு நிலை கிடையாது. இடப்பக்கமாக, அதற்கு மேல் சுற்றாது என்னும் வரை திறந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் தெறிப்பது அன்றைக்கே நின்றது. சத்தம் பாதியாகக் குறைந்தது.

சாய்வு

மீதிப் பாதிக்குக் காரணம் தரை. நூறு வருஷமாக அந்த வார்ப்பிரும்பைச் சுமந்து மரத்தரை அமுங்கியிருக்கிறது. ரேடியேட்டர் வால்வு பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தால்தான் தண்ணீர் திரும்பி ஓடும். எங்களுடையது எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. ரசமட்டத்தை மேலே வைத்ததும் குமிழி வால்வை நோக்கி ஓடியது. குமிழி உயரமான பக்கம்தானே போகும்? அப்படியானால் தண்ணீர் வால்வு இல்லாத கடைசியில் தேங்குகிறது என்று அர்த்தம். குமிழியை நடுவில் நிறுத்துவதும் போதாது. ஒரு நண்பர் அப்படி நிறுத்திவிட்டு, இன்னும் அடிக்கிறது என்றார். குமிழி வால்வுக்கு எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும்.

ரேடியேட்டர் முழுதாக ஆறிய பிறகு, வால்வு இல்லாத பக்கத்துக் காலடியில் ஒரு மரச்சட்டத்தை நெம்புகோலாகக் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். கால் அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் குழாயின் இணைப்பு திருகிக்கொள்ளும். ஒருவர் தூக்க, இன்னொருவர் காலுக்கு அடியில் அடை கொடுக்க வேண்டும், தனியாகச் செய்யாதீர்கள். கடையில் விற்கும் மர ஆப்பு எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு சீசனில் நசுங்கிவிடுகிறது. 25 சென்ட் நாணயம் ஒவ்வொன்றும் 1.75 மில்லிமீட்டர் தடிமன். மூன்றை அடுக்கினால் சரியாக இருக்கிறது. அடியில் ஒரு சின்ன இரும்புத் தகடு வைத்தால் நாணயம் தரையில் பதியாது.

பழைய ரேடியேட்டரைச் சுரண்டவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். இந்த நகரத்தில் ஈயப் பெயின்டை 1960-இல்தான் தடைசெய்தார்கள். அந்தத் தூள் குழந்தைகளுக்கு ஆபத்து.

காற்றுப் போக்கி

வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில், பாதி உயரத்தில், தோட்டா மாதிரி ஒரு வெள்ளிநிறச் சாமான் இருக்கும். இங்கே வென்ட் என்பார்கள். உள்ளே இருக்கும் காற்றை வெளியே விட்டு, நீராவி வந்து தொட்டதும் மூடிக்கொள்வது அதன் வேலை. ரேடியேட்டர் சூடான பிறகும் ‘உஸ்’ என்று நிற்காமல் சீறினால் வென்ட் கெட்டுவிட்டது. வால்வு திறந்திருந்தும், பாய்லர் எரிந்தும் ரேடியேட்டர் குளிர்ந்தே கிடந்தாலும் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

மாற்றுவது எளிது. ஆறிய ரேடியேட்டரில் வால்வை முழுதாக மூடி, பழையதை இடப்பக்கமாகச் சுற்றிக் கழற்றி, புதியதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் முறுக்குங்கள். நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆனால் பழைய வால்வுகள் சில நேரம் முழுதாக மூடாது. வேலையின் நடுவில் பாய்லர் எரிந்தால் திறந்த ஓட்டை வழியாக நீராவி முகத்தில் அடிக்கும். அதனால் கோடையில் மாற்றுவதே நல்லது. நான் வாங்கியது கார்ட்டன் கம்பெனியின் 5-ஆம் எண். 4 மெதுவானது, 6 வேகமானது. படுக்கையறைக்கு மெதுவானதே போதும், சீறல் தூக்கத்தைக் கெடுக்காது.

யாரிடம் கேட்க வேண்டும்?

கோ-ஆப்பில் நாம் வாங்குவது சுவரை இல்லை, கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளை. அந்தப் பங்குக்காக ஒரு குத்தகைப் பத்திரம் தருகிறார்கள். ரேடியேட்டர் யார் பொறுப்பு என்பதை அதில் தேடிப் படியுங்கள். சுவருக்குள் ஓடும் குழாய் பெரும்பாலும் கட்டடத்தின் பொறுப்பு. 1993-இல் ஜாக்சன் ஹைட்ஸை வரலாற்றுப் பகுதியாக அறிவித்ததால், ஜன்னலை மாற்றவே நகர ஆணையத்தின் அனுமதி வேண்டும். ரேடியேட்டர் உள்ளே இருப்பதால் அந்தக் கவலை இல்லை. கட்டடப் பராமரிப்பாளரிடம், இங்கே சூப்பர் என்று கூப்பிடும் அவரிடம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: வாசகி ஒருவர், எல்லாம் செய்தும் படுக்கையறை வேகிறது என்று எழுதியிருந்தார். ரேடியேட்டருக்கும் வென்டுக்கும் நடுவில் பொருத்தும் தெர்மோஸ்டாட் வால்வு ஒன்று கிடைக்கிறது. அறை சூடானதும் காற்று வெளியேறுவதை அது தடுக்கும், நீராவி அதற்கு மேல் உள்ளே வராது. வாங்கும்போது ஒற்றைக் குழாய் நீராவிக்கானது என்று சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று: இரண்டு குழாய் உள்ளவர்களுக்கு. உங்கள் ரேடியேட்டரில் பெரும்பாலும் வென்ட் இருக்காது. வெளியேறும் பக்கத்தில் நீராவியைத் தடுத்துத் தண்ணீரை வெளியே விடும் ஸ்டீம் டிராப் என்ற பித்தளைச் சாமான் இருக்கும். அதற்குள் இருக்கும் பாகம் பழுதானாலும் சத்தம் வரும். அதைத் திறக்கப் பெரிய ஸ்பேனரும் பழகிய கையும் வேண்டும். சூப்பரைக் கூப்பிடுங்கள், எந்த அறை, எத்தனை மணிக்கு அடிக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்துக் கொடுத்தால் அவருக்குக் கண்டுபிடிப்பது சுலபம்.