சைட் பை சைட் ஃபிரிட்ஜ்: வீட்டிலேயே பராமரிப்பதும் பழுதைக் கண்டறிவதும்

ஒரு நாள் காலையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால் புளித்திருந்தது. ஆனால் அடுத்த கதவைத் திறந்து பார்த்தால் ஃபிரீசரில் ஐஸ்கிரீம் கல்லாக இறுகிக் கிடந்தது. வந்து பார்த்த மெக்கானிக், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே "கேஸ் தீர்ந்துவிட்டது, ஏற்ற வேண்டும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு நானே தேடியபோது, மேல் தட்டில் பின்சுவரை ஒட்டி நான் வைத்திருந்த ஒரு பெரிய டப்பா, குளிர்காற்று வரும் துளையை முழுவதுமாக அடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. டப்பாவை நகர்த்திய மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டது.

ஃபிரீசர் ஒரு பக்கமும் ஃபிரிட்ஜ் மறுபக்கமுமாகத் தனித்தனிக் கதவுகளுடன் இருக்கும் இந்த வகையைப் பொறுத்தவரை முதலில் மனத்தில் பதிய வேண்டிய செய்தி ஒன்றுதான். பெரும்பாலான மாடல்களில் குளிர் உண்டாவது ஃபிரீசர் பக்கத்தில் மட்டுமே. ஃபிரீசரின் பின்பலகைக்குப் பின்னால் இருக்கும் குளிர்காயிலின் மீது ஒரு சிறிய ஃபேன் காற்றை ஓட்டுகிறது. அந்தக் காற்றில் ஒரு பகுதி, நடுச்சுவரில் உள்ள டேம்பர் என்னும் சிறு கதவின் வழியாக அடுத்த பக்கத்துக்குச் சென்று, அங்கே சுற்றிவிட்டுத் திரும்புகிறது. ஆகவே ஃபிரீசர் நன்றாகக் குளிர்ந்து மறுபக்கம் மட்டும் சூடாக இருந்தால், சந்தேகம் முதலில் காற்றின் பயணத்தின் மேல்தான் விழ வேண்டும். இரண்டு பக்கங்களுக்கும் தனித்தனிக் காயில் உள்ள மாடல்களும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வெப்பநிலையை அளந்து பாருங்கள்

கையால் தொட்டுப் பார்த்துக் குளிர் போதவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. கதவின் மேல் ஒளிரும் எண்ணையும் முழுமையாக நம்ப முடியாது, ஏனெனில் பல மாடல்களில் அது நாம் வேண்டிய அளவைத்தான் காட்டுகிறது, உள்ளே நிலவும் அளவை அன்று. ஒரு குவளைத் தண்ணீரில் தெர்மாமீட்டரை இட்டு நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்துவிட்டு, காலையில் கதவைத் திறந்தவுடன் படியுங்கள். ஃபிரிட்ஜ் பக்கம் 3 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரையும், ஃபிரீசர் பக்கம் மைனஸ் 18 டிகிரியை ஒட்டியும் இருக்க வேண்டும். ஃபிரீசரில் அளக்கும்போது உறைந்த இரண்டு பொட்டலங்களுக்கு இடையில் தெர்மாமீட்டரைச் செருகி வையுங்கள். அளவை மாற்றி வைத்தால் 24 மணி நேரம் பொறுத்த பின்னரே மீண்டும் அளக்க வேண்டும். மணிக்கொருமுறை பொத்தானை அழுத்துவதால் குழப்பம் மட்டுமே மிஞ்சும்.

விளக்கு எரிகிறது, ஆனால் இரு பக்கமும் துளிக்கூடக் குளிரவில்லை என்றால், கடைகளில் காட்சிக்கு வைக்கும்போது பயன்படுத்தும் டெமோ நிலை தவறுதலாக இயங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து வெளியேறும் வழி கையேட்டில் இருக்கும்.

இரண்டாம் படி: காற்று போகிறதா?

ஃபிரிட்ஜ் பக்கத்துக் காற்றுத் துளைக்கு முன்னால் மணிக்கட்டின் உட்புறத்தைச் சிறிது நேரம் காட்டுங்கள். உள்ளங்கையைவிட அந்த இடத்துக்கு உணர்வு அதிகம். கதவு திறந்தால் பெரும்பாலான மாடல்களில் உட்ஃபேன் நின்றுவிடும் என்பதால், கதவு பொத்தானை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். மெல்லிய குளிர்காற்று மணிக்கட்டில் பட்டால் வழி திறந்திருக்கிறது. ஃபேன் ஓடும் ஓசை கேட்கிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால் துளையைப் பொருள்கள் மறைத்திருக்கலாம், டேம்பர் பனியில் சிக்கியிருக்கலாம், அல்லது குளிர்காயில் முழுவதுமே பனியால் மூடியிருக்கலாம். கம்ப்ரஸர் இயங்கும்போதும் ஃபேன் ஓசையே இல்லையென்றால் ஃபேன் மோட்டாரைச் சோதிக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னபடி காயிலைப் பனி மூடியிருப்பதைக் கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஃபிரீசரின் பின்பலகையில் வெண்பனி படர்ந்திருந்தால், தானாகப் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் அமைப்பு வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்த அமைப்பில் ஒரு ஹீட்டர், வெப்பத்தை உணரும் ஒரு சென்சார், இரண்டையும் ஆளும் டைமர் அல்லது போர்டு ஆகியவை இருக்கின்றன. உறுதி செய்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு: பொருள்களை வேறிடத்துக்கு மாற்றி, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, கீழே பழந்துணிகளை விரித்து, ஒரு நாள் முழுவதும் உருகவிடுங்கள். மீண்டும் இயக்கியதும் நன்றாகக் குளிர்ந்து, சில நாள்களிலோ ஒரு வாரத்திலோ பழைய நிலைக்கே திரும்பினால், கோளாறு டிஃப்ராஸ்ட் அமைப்பில்தான் இருக்கக்கூடும். ஆனால் கதவு சரியாக மூடாமல் ஈரக்காற்று புகுந்தாலும் இதே போலப் பனி சேரும் என்பதால், ரப்பரைச் சோதித்துவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

பனியைக் கத்தியாலோ திருப்புளியாலோ குத்தி எடுக்கவே கூடாது. இன்றைய பல ஃபிரிட்ஜ்களில் குளிர்விப்பதற்காகக் காயிலுக்குள் ஓடும் ஆர்600ஏ என்னும் வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. காயிலில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் சிறு செலவில் முடிய வேண்டிய வேலை பெருஞ்செலவாகிவிடும்.

மூன்றாம் படி: கதவும் ரப்பரும்

இந்த ஃபிரிட்ஜ்களில் கதவுகள் நீளமானவை. ரப்பரின் நீளமும் அதிகம். ஒரு தாளைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் வைத்து மூடி மெல்ல இழுங்கள். சிறிது பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. கதவைச் சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இதைச் செய்யுங்கள். கீழ்மூலைகளைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் அழுக்கு முதலில் சேர்வது அங்கேதான். வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, மடிப்புகளுக்குள் விரலைவிட்டுத் துடைத்தாலே பல ரப்பர்கள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு கதவுகளும் மேலே ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால், தாழ்ந்திருக்கும் பக்கத்தின் முன்காலைத் திருகி உயர்த்துங்கள். முன்புறம் பின்புறத்தைவிடச் சற்றே உயர்ந்திருந்தால் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும். நடுச்சட்டத்தைத் தொட்டால் இளஞ்சூடாக இருப்பது கோளாறு அன்று. அங்கே நீர்த்துளி படியாமல் இருப்பதற்காகவே அந்தச் சூடு.

நான்காம் படி: வெளிக்காயிலைச் சுத்தம் செய்தல்

உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியேற்றும் காயில், கீழ்ப்புறத்துக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் அல்லது பின்பக்க மூடிக்குள் இருக்கும். தூசி படிந்தால் வெப்பம் வெளியேறாமல் கம்ப்ரஸர் நெடுநேரம் ஓடும், மின்கட்டணமும் ஏறும். பிளக்கைக் கழற்றிவிட்டு, நீண்ட தூரிகையால் தட்டி வாக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை போதும். நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும், முடி கம்பளம் போலவே படிந்துவிடும். காயில் சுவருக்குள் புதைந்திருக்கும் மாடல்களில் இந்த வேலையே இல்லை. பக்கவாட்டில் காற்றுக்கு இடம் விட்டால் போதும்.

தண்ணீரும் ஓசையும்

ஃபிரீசரின் அடித்தளத்தில் பனிக்கட்டி தகடாகப் படிவதும் தரையில் தண்ணீர் வழிவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருபவை. உருகிய நீர் இறங்கும் வடிகால் துளை அடைபட்டிருக்கும். பிளக்கைக் கழற்றி, பனிக்கட்டி உருகிய பின், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வெந்நீரை எடுத்துத் துளைக்குள் மெல்லச் செலுத்துங்கள். கம்ப்ரஸருக்கு அருகில் உள்ள தட்டில் நீர் சொட்டும் ஓசை கேட்டால் வழி திறந்துவிட்டது. தண்ணீர், ஐஸ் வசதியுள்ள மாடலில் வடிகட்டியை 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஐஸ் சிறுத்து வருவதற்கு அடைபட்ட வடிகட்டி ஒரு முக்கியக் காரணம்.

களகளவென்ற ஓசை குழாய்க்குள் வாயு ஓடுவது. சுர்ரென்ற ஓசை சூடான ஹீட்டரில் நீர்த்துளி விழுவது. இரண்டையும் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்டு, சிறிது முனகி, மீண்டும் 'டிக்' என்று அடங்கினால், கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் திணறுகிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்துக்கும் அதிகமாக இருந்துவிட்ட பால், இறைச்சி, சமைத்த உணவு ஆகியவற்றை எறிந்துவிடுவதே நல்லது. நிறைந்த ஃபிரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரம் தாங்கும்; பாதி நிறைந்தது 24 மணி நேரம்.

மின்போர்டு, கம்ப்ரஸர், வாயுக்குழாய் ஆகிய மூன்றிலும் நாம் கைவைக்கக் கூடாது. வருகிறவர் கேஸ் குறைந்துவிட்டது என்று சொன்னால், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். அது மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயு, எரிபொருளைப் போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருக்கும்போது உள்காயிலின் ஒரு பகுதியில் மட்டுமே பனி பிடித்திருக்கும், எஞ்சிய பகுதி வெறுமையாக இருக்கும். பின்பலகையைக் கழற்றியதும் அதை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.