கிராடியஸில கப்பல் வெடிக்காம கடைசி மட்டும் போறது எப்பிடி

2002ல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்தாப்பிறகு கொழும்பால வந்த சாமான்களோட ஒரு ரீவி கேம் பெட்டியும் எங்கட வீட்டுக்கு வந்தது, அதிலதான் நான் முதல் முதல் கிராடியஸ் எண்டுற விண்வெளிக் கப்பல் சுடுற கேமை விளையாடினது. இப்ப அக்கான்ர மகன் அதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறான், அவனுக்குச் சொல்லிக் குடுத்ததைத்தான் எழுதுறன். கொனாமி எண்ட யப்பான் கம்பனி 1985ல ஆர்கேட் மெசினுக்குச் செய்தது, 1986ல நின்ரெண்டோ பெட்டிக்கு வந்தது, நான் சொல்லுறது வீட்டில விளையாடுற அந்தக் கேமை.

முதல் கசற்றைப் பாருங்கோ. எங்கட பக்கம் உப்புக்காத்து, அதின்ர அடியில இருக்கிற உலோகப் பல்லுகள் கெதியா கறுத்துப் போகும். வாயால ஊதாதேங்கோ, எச்சில் ஈரம் பட்டா இன்னும் கூடத்தான் பிடிக்கும், பார்மசியில ஐசோபுரோப்பைல் அல்ககோல் வாங்கி பட்ஸில தொட்டு ஆறுதலா துடைச்சு, காயவிட்டுப் போடுங்கோ. யாராவது யப்பானில இருந்து பெட்டி கொண்டு வந்து தந்தா அதின்ர அடப்டரை நேர எங்கட பிளக்கில குத்தக் கூடாது, அது 100 வோல்ட், எங்கட கரண்ட் 230. மூலையில பழைய பெட்டி ரீவி கிடந்தா அதையே எடுங்கோ, புது ரீவியில பட்டன் அமத்தி ஒரு கணம் பிந்தித்தான் கப்பல் அசையும், இந்தக் கேமில அந்தக் கணமே காணும் சாக.

இனி விசயத்துக்கு வாறன். சிவப்பு எதிரியைச் சுட்டாலோ, வரிசையா வாற கூட்டத்தை ஒண்டும் தப்பவிடாம சுட்டாலோ ஒரு கப்சூல் விழும், ஒவ்வொண்டு எடுக்க கீழ இருக்கிற பட்டியில வெளிச்சம் ஒரு கட்டம் தள்ளும். ஸ்பீட், மிசைல், டபுள், லேசர், ஒப்சன், கடைசியில கேள்விக்குறி போட்ட தடுப்பு. வேண்டின கட்டத்தில வெளிச்சம் நிக்கேக்க கையில இருக்கிற கொன்ரோலரில பவர் எடுக்கிற பட்டனை அமத்தினா அது கிடைக்கும், பேந்து வெளிச்சம் அணைஞ்சு முதல்ல இருந்து சேர்க்கோணும். எல்லாரும் பிழை விடுறது இந்த இடத்திலதான், கை சும்மா இருக்காம ஸ்பீட்டையே எடுத்துக்கொண்டு இருப்பினம். மருமகன் நாலு தரம் ஸ்பீட் எடுத்தான், பெருவிரல் கொஞ்சம் பட்டதுதான், கப்பல் நேர பாறையில. ஒண்டு காணும், மிஞ்சினா ரெண்டு. பேந்து மிசைல், அதுக்குப் பிறகு டபுளை விட்டுட்டு லேசர், ஏனெண்டா ரெண்டையும் ஒண்டா வைச்சிருக்க ஏலாது. பேந்து ஒப்சன் ரெண்டு, கடைசியா தடுப்பு. ஒரு ஸ்பீட்டோட கூட்டிப் பார்த்தா 23 கப்சூல். தடுப்பு முன்பக்கத்தை மட்டும்தான் காக்கும், மலையில முட்டினா அதால ஒரு பிரியோசனமும் இல்லை.

ஒப்சன் எண்டுறது உங்களுக்குப் பின்னால வாற ரெண்டு உருண்டை, நீங்கள் சுட அதுகளும் சுடும். நீங்கள் போன தடத்திலதான் வரும், நீங்கள் நிண்டா அதுகளும் அந்தந்த இடத்திலயே நிக்கும். அதால ஒவ்வொரு ஸ்ரேஜின்ர கடைசியிலயும் வாற எதிரியின்ர பெரிய கப்பல் வர முதல் கீழ இருந்து நேர மேல போய் நில்லுங்கோ, ரெண்டும் உங்களுக்குக் கீழ தூண் மாதிரி அடுக்கி நிக்கும், மூண்டு லேசர் ஒரேயடியா போகும். பெரிய கப்பலின்ர நடுவுக்குள்ளதான் உயிர், முன்னுக்கு இருக்கிற தட்டுகளை ஒவ்வொண்டா உடைச்சு உள்ள போகோணும்.

மூண்டாவது ஸ்ரேஜில மொஆய் எண்டுற பெரிய கல் முகச் சிலைகள் வாயால வளையம் துப்பும், வாய் திறக்கேக்க வாயைப் பார்த்துச் சுட்டாத்தான் உடையும்.

ஒருக்கா வெடிச்சா சேர்த்தது முழுக்கப் போயிடும், பின்னுக்கு ஒரு இடத்தில வெறுங்கப்பலோட விடுவாங்கள். அவசரப்படாம முதல் ரெண்டு கூட்டத்தையும் முழுசா சுட்டு ஸ்பீட்டும் மிசைலும் எடுத்திட்டு முன்னுக்குப் போங்கோ. ஏலாட்டி ஸ்ராட் பட்டனை அமத்தி நிப்பாட்டிப் போட்டு மேல மேல கீழ கீழ இடம் வலம் இடம் வலம் பி ஏ அடிச்சு, திருப்பி ஸ்ராட் அமத்துங்கோ, மிசைல், ஒப்சன், தடுப்பு எல்லாம் வரும். இதை வைச்சவர் கொனாமியில வேலை செய்த கசுஹிசா ஹஷிமொட்டோ, கேமைச் சோதிக்கேக்க தனக்கே கடினமா இருந்ததெண்டு வைச்சது, 2020ல காலமாயிட்டார். அதைப் பாவிக்கிறதில ஒரு வெக்கமும் இல்லை.

கடைசிக் கோட்டைக்குள்ள ஒரு பெரிய மூளை இருக்கும், அது சுடவே சுடாது. அதை முடிச்சா கேம் முதல் மலையில இருந்து திருப்பித் தொடங்கும், இந்த முறை எதிரியள் இன்னும் கடினமா வருவினம்.