ஐகன் வார்ப்புரு நூலகம்: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சீ பிளஸ் பிளஸ் மொழியில் தாயங்களையும் காவிகளையும் கொண்டு கணக்கிட வேண்டியவர்களுக்கு ஐகன் என்னும் திறந்த மூல வார்ப்புரு நூலகம் பெருந்துணையாகும். இயந்திரக் கற்றலுக்கான டென்சர்ஃப்ளோ மென்பொருளும் இதனை உள்ளே பயன்படுத்துகிறது. இது மொசில்லா பொது உரிமம் 2.0 இன் கீழ் வெளிவருவதால், கொழும்பில் வணிக மென்பொருள் எழுதுபவரும் தமது மூலக் குறிமுறையை வெளியிடாமலேயே இதனைச் சேர்த்துக்கொள்ளலாம். ஐகனின் கோப்புகளையே திருத்தி விநியோகித்தால் மட்டும் அத்திருத்தங்களைக் கொடுக்க வேண்டும்.

நிறுவுவதில் சிரமம் எதுவும் இல்லை. நூலகம் முழுவதும் தலைப்புக் கோப்புகளால் ஆனது என்பதால், அவை இருக்கும் கோப்புறையைத் தொகுப்பிக்குக் காட்டினால் போதும்.

முதற் பயிற்சிக்கு முச்சக்கரவண்டிக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையிலிருந்து சென்ற மூன்று பயணங்களில் 3 கிலோமீற்றருக்கு 320 ரூபாயும், 5 இற்கு 520 உம், 8 இற்கு 810 உம் கொடுத்ததாக வைத்துக்கொண்டு, நிலையான தொகை எவ்வளவு, கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று காண வேண்டும். மூன்று நிரையும் இரண்டு நிரலும் கொண்ட ஒரு ‘மேட்ரிக்ஸ்எக்ஸ்டி’யை அறிவித்து, முதல் நிரலில் ஒன்றுகளையும் இரண்டாவதில் தூரங்களையும் இடுங்கள், கட்டணங்களை ஒரு ‘வெக்டர்எக்ஸ்டி’யில் இடுங்கள். பெயரிலுள்ள ‘எக்ஸ்’, அளவு ஓடும்போதே தீர்மானிக்கப்படும் என்பதையும், ‘டி’ இரட்டைத் துல்லிய எண் என்பதையும் குறிக்கும். பின்னர் தாயத்தின் மீது ‘கோல்பிவ்ஹவுஸ்ஹோல்டர்கியூஆர்’ என்னும் பிரிப்பை (தாயத்தை எளிய தாயங்களின் பெருக்கமாக உடைக்கும் முறையை) அழைத்து, அதன் ‘சோல்வ்’ இற்குக் கட்டணக் காவியைக் கொடுத்தால், இழிவு வர்க்க முறைப்படி (வித்தியாசங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை மிகச் சிறிதாக்கும் முறைப்படி) நிலையான தொகை 27.89 என்றும் கிலோமீற்றருக்கு 97.89 என்றும் விடை வரும். சமன்பாடு தீர்ப்பதற்கு நேர்மாறைக் கணித்துப் பெருக்கும் பள்ளிக்கூடப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். 4க்கு 4 வரையான சிறு தாயங்களுக்கு அது பரவாயில்லை, பெரியவற்றில் நேரமும் துல்லியமும் வீணாகும்.

இந்நூலகத்தின் வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமல் அடுத்த படிக்குச் செல்லக் கூடாது. மூன்று காவிகளைக் கூட்டும்படி எழுதினால், ஐகன் இரண்டைக் கூட்டி ஓரிடத்தில் வைத்து, பின்னர் மூன்றாவதைக் கூட்டுவதில்லை. கூட்டல் குறி ஒவ்வொன்றும் ‘இன்னதைக் கூட்ட வேண்டும்’ என்ற கோவையை மட்டுமே உருவாக்குகிறது; சமக் குறியின் இடப்பக்கத்தில் ஒரு மாறி வந்து நிற்கும்போதுதான் முழுக் கோவையும் ஒரே சுற்றில், இடைக்காலப் பிரதி ஏதுமின்றிக் கணிக்கப்படுகிறது. வார்ப்புருக்கள் இருப்பதே இதற்காகத்தான்.

ஆனால் இதே ஏற்பாடுதான் காலையும் வாரிவிடும். இரு தாயங்களின் பெருக்கத்தை ‘ஓட்டோ’ என்று அறிவித்த மாறியில் வைத்தால் (நம்மூர் ஓட்டோ அல்ல, வகையை ஊகிக்கச் சொல்லும் மொழிச்சொல்), அதில் இருப்பது விடையன்று, கணிக்கப்படாத கோவை. நான் ஒருமுறை அவ்வாறு எழுதிவிட்டு, மூலத் தாயத்தை அடுத்த வரியில் மாற்றியபோது ‘விடை’யும் சேர்ந்து மாறியதைக் கண்டு ஒரு மாலை முழுவதும் குழம்பியிருந்தேன். வகையை வெளிப்படையாக எழுதுங்கள். இல்லையேல் ‘இவால்’ என்று அழைத்து அங்கேயே கணிக்கச் செய்யுங்கள்.

ஒரு தாயத்தின் நிரைநிரல் மாற்றத்தை அதே தாயத்திற்குக் கொடுப்பதும் இதே காரணத்தால் பிழையாகும்: எழுதிக்கொண்டே வாசிப்பதால் பெறுமானங்கள் அழிந்துவிடும். ‘டிரான்ஸ்போஸ்இன்பிளேஸ்’ அதற்குரியது. பெருக்கத்தில் மட்டும் ஐகன் தானாகவே ஓர் இடைக்காலத் தாயத்தை வைத்துக்கொள்கிறது. இடப்பக்கத் தாயம் வலப்பக்கத்தில் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ‘நோஏலியஸ்’ சேர்த்து அச்செலவைத் தவிர்க்கலாம்.

வேகத்தை அளக்கும்போது தொகுப்பியின் உகப்பாக்கத்தை (குறிமுறையை வேகமாக ஓடச் செய்யும் வசதியை) இயக்கியிருக்க வேண்டும். அது இல்லாவிடின் ஐகன் மிக மந்தமாகவே ஓடும்.

பைதன் மொழியின் எண் கணிப்பு நூலகமான நம்பையிலிருந்து தரவைக் கொண்டுவருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்பை இயல்பாக நிரை வரிசையிலும், ஐகன் நிரல் வரிசையிலும் எண்களை நினைவகத்தில் அடுக்குகின்றன. மேற்கண்ட தாயம் 1, 3, 1, 5, 1, 8 என வந்தால், வெளியிலுள்ள நினைவகத்தைப் பிரதியெடுக்காமல் தாயமாகப் பார்க்க உதவும் ஐகனின் ‘மேப்’ அதனை முதல் நிரல் 1, 3, 1 என்றும் இரண்டாவது 5, 1, 8 என்றும் வாசித்து, எந்தப் பிழைச்செய்தியும் இன்றித் தவறான கட்டணத்தைச் சொல்லும். அவ்வாறான இடங்களில் தாய வகையை அறிவிக்கும்போதே ‘ரோமேஜர்’ (நிரை வரிசை) என்று குறிப்பிட வேண்டும்.