அடிவயிற்றில் இழுவையும் பாரமும்: கீழிருந்து தாங்கும் உள்ளாடையைத் தெரிந்து அணிவது எப்படி?

பின்னேரம் ஆக ஆக, கீழே ஏதோ இறங்கி வருவது போன்ற ஒரு பாரம். காலையில் எழும்பும்போது அது இருக்காது. நின்று சமைத்து, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்து, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றபடியே வீடு வந்து சேர்வதற்குள் அடிவயிறும் கால் இடுக்கும் இழுக்கத் தொடங்கிவிடும். கொஞ்ச நேரம் படுத்தால் குறையும். தம்பலகாமத்தில் வயல் வேலை செய்பவருக்கும், மூதூரிலிருந்து தினமும் திருகோணமலைப் பட்டணத்துக்கு வந்து நாள் முழுக்க நின்று பாடம் நடத்தும் ஆசிரியைக்கும் இது ஒரே மாதிரித்தான் வரும். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். இதை அப்படியே சகித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. பொருத்தமான உள்ளாடை ஒன்றே பகல் பொழுதை எவ்வளவோ லேசாக்கும்.

ஆனால் எந்த உள்ளாடை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பாரம் தெரிந்ததும் வயிற்றை இறுக்கிக் கட்டுவதுதான் நம் வழக்கம். பிரசவத்துக்குப் பிறகு துணியால் வயிறு கட்டிப் பழகியிருக்கிறோம், சேலைக்கு உட்பாவாடை நாடாவை இழுத்து முடிந்து பழகியிருக்கிறோம். இந்தப் பிரச்சினைக்கு அது எதிர் வைத்தியம்.

ஏன் என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

முன்னால் உள்ள பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, இடுப்பு எலும்புக் கூட்டின் அடியில் ஒரு தசைப் பரப்பு ஏணைத் துணி மாதிரி விரிந்திருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் இருக்கின்றன. சுகப்பிரசவங்கள், மாதவிடாய் நின்ற பிறகு வரும் ஹோர்மோன் மாற்றம், நாட்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, உடற்பருமன், பாரம் தூக்குவது எல்லாம் அந்தத் தசையையும் அதோடு சேர்ந்த இணைப்புத் திசுக்களையும் தளர்த்துகின்றன. தளர்ந்ததும் மேலே உள்ள உறுப்புகள் சற்றுக் கீழே சரியலாம். அதைத்தான் கர்ப்பப்பை இறக்கம், சிறுநீர்ப்பை இறக்கம் என்கிறோம்.

இப்போது இடுப்பை இறுக்கிக் கட்டினால் என்ன நடக்கும்? வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். மேலேயும் பக்கவாட்டிலும் போக வழியில்லாத அந்த அழுத்தம், ஏற்கெனவே தளர்ந்த இடத்தைக் கீழ்நோக்கித் தள்ளும். நமக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறானது. யோனிவாய்க்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில், கீழிருந்து மேலாக மெல்லிய, சீரான தாங்கல் வேண்டும். கால் இடுக்கில் உறுதி, வயிற்றில் இளக்கம். கடையில் நிற்கும்போது இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: உள்ளாடை வாங்க முன், டொக்டரிடம் போக வேண்டிய நிலையா என்று பாருங்கள்

சிறுநீர் போகவே முடியாமல் அடைத்துக்கொண்டால், கால் இடுக்கிலும் உள்தொடையிலும் திடீரென மரத்துப்போனால், காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால், நாற்றமுள்ள வெள்ளைபட்டால், வெளியே வந்த கட்டி உள்ளே போகாமல் நின்றாலோ புண்ணாகி இருந்தாலோ அதையும் நாள் கடத்த வேண்டாம். கர்ப்பிணிகளும் பிரசவம் முடிந்து சில வாரமே ஆனவர்களும் கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் எதையும் அணிய வேண்டும்.

இன்னொரு பிரிவினரும் உண்டு. சிலருக்குத் தசை தளர்வதில்லை, மாறாக இறுகிப்போய்ப் பிடித்துக்கொண்டிருக்கும். பாரத்தை விட எரிவும் குத்தும் வலியும் கூட இருக்கும், தாம்பத்திய உறவின்போது கடுமையாக நோகும். அவர்களுக்குத் தாங்கும் உள்ளாடை சில சமயம் வலியைக் கூட்டும்.

படி 2: செலவழிக்காமல் ஒரு சோதனை

உங்களுக்குத் தாங்கல் உதவுமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கொஞ்சம் உறுதியான, உயர்ந்த இடுப்புள்ள கொட்டன் ஜட்டி ஒன்றை எடுங்கள். சுத்தமான பருத்திக் கைக்குட்டையை நீளவாக்கில் மடித்து, யோனிவாய்க்குப் பின்னால் ஆசனவாய்க்கு முன்னால் வரும்படி ஜட்டிக்குள் வையுங்கள். உள்ளே எதையும் செருகக் கூடாது, வெளிப்புறத்தில் மட்டும்தான். கைக்குட்டை அசையாமல் இருக்க, மேலே இன்னொரு ஜட்டியோ உடற்பயிற்சிக்குப் போடும் ஒட்டிய காற்சட்டையோ அணிந்து அரை மணித்தியாலம் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். இழுவை குறைந்தால் இந்த வகை உள்ளாடை உங்களுக்குப் பயன்படும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் காசைச் செலவழிக்காமல் நேரே கிளினிக்குக்குப் போங்கள்.

படி 3: அளவெடுங்கள்

தையல் வீட்டில் இருக்கும் அளவு நாடா போதும். மூன்று அளவு வேண்டும். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு. புட்டம் மிக அகலமாக உள்ள இடத்தின் சுற்றளவு. மூன்றாவதை யாரும் எடுப்பதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: முன்பக்கம் தொப்புள் மட்டத்தில் தொடங்கி, கால் இடுக்கு வழியாகப் பின்பக்கம் இடுப்பு வரை எவ்வளவு நீளம் என்பது. இந்த நீளம் கூடினால் ஆடை கால் இடுக்கில் தொங்கி நிற்கும், தாங்காது. குறைந்தால் வெட்டும். சுற்றளவு சரியாக இருந்தும் "போட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை" என்பவர்களுக்கு இங்கேதான் பிழைத்திருக்கும். அளவைப் பின்னேரத்தில் எடுங்கள், பகல் முடிவில் வயிறு சற்று உப்பியிருக்கும்.

படி 4: எதை வாங்குவது?

பாமசியில் "கீழே பாரமாக இருக்கு, ஒரு பெல்ட் தாங்கோ" என்று கேட்டால் அனேகமாக வயிற்று பெல்டைத்தான் எடுத்துத் தருவார்கள். அது முதுகுக்கும் வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் போடுவது. நமக்கானவை வேறு.

முதலாவது, கால் இடுக்குப் பகுதி இரட்டை அல்லது மும்மடிப் பட்டையாகத் தைக்கப்பட்ட, உயர்ந்த இடுப்புள்ள ஜட்டி. லேசான, நடுத்தரமான இழுவைக்கு இது போதும், சேலைக்கும் அபாயாவுக்கும் உள்ளே தெரியாது. இரண்டாவது, இடுப்புப் பட்டியோடு கால் இடுக்கு வழியாகப் போகும் இரண்டு இலாஸ்டிக் வார்கள் சேர்ந்தது. வாரின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அதனால் தாங்கல் அதிகம். ஆனால் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் கழற்றி மாட்டுவது கரைச்சல். முதல் முறை வாங்குபவருக்கு ஜட்டி வகையைத்தான் நான் சொல்வேன். உடலை மெலிதாகக் காட்டும் இறுக்கமான ஆடைகளை மட்டும் வாங்காதீர்கள். அவை இடுப்பையும் வயிற்றையும் நசுக்கவே செய்யப்பட்டவை.

பட்டணத்துக் கடைகளில் கிடைக்காவிட்டால் தெரிந்த தையல்கார அக்காவிடம் மூன்று அளவையும் கொடுத்து, கொஞ்சம் இழுபடும் கொட்டன் துணியில் தைக்கச் சொல்லலாம். கால் இடுக்குப் பட்டை நாலு விரல் அகலம், இழுபடாத துணியில் இரண்டு மடிப்பு, தையல் விளிம்பு வெளிப்பக்கம். இடுப்பில் அகலமான, மெல்லிய இலாஸ்டிக். நூல் போன்ற ஒடுங்கிய இலாஸ்டிக் வேண்டாம்.

படி 5: படுத்துக்கொண்டு அணியுங்கள்

நின்றபடி இழுத்துப் போட்டால், ஏற்கெனவே கீழே சரிந்திருப்பதை அந்த இடத்திலேயே வைத்துக் கட்டுவதாகிவிடும். அதனால் முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். ஆடையைத் தொடை வரை ஏற்றிக்கொண்டு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, புட்டத்துக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே இருந்து நிதானமாக மூச்சு விடுங்கள். உள்ளிருப்பது தானாக மேலே போகும். பிறகு இடுப்பை மெல்லத் தூக்கி ஆடையை மேலே இழுங்கள். பட்டை சரியான இடத்தில் இருக்கிறதா என்று கையால் பார்த்துவிட்டு, ஒரு பக்கமாகத் திரும்பிக் கை ஊன்றி எழும்புங்கள்.

எழுந்ததும் சோதித்துப் பாருங்கள். இடுப்புப் பட்டிக்குள் இரண்டு விரல் இலகுவாகப் போக வேண்டும். ஒருமுறை இருமுங்கள், குந்தி எழும்புங்கள், மூச்சை ஆழமாக இழுங்கள். இருமும்போது கீழே பிடிமானம் தெரிந்தால் சரி. கால் விறைத்தால், பட்டிக்கு மேலே வயிறு பிதுங்கினால், அடிக்கடி சிறுநீர் முட்டினால், பாரம் குறைவதற்குப் பதிலாகக் கூடினால் உடனே கழற்றுங்கள். அளவு பிழை அல்லது வகை பிழை.

படி 6: எவ்வளவு நேரம்?

முதல் நாட்களில் ஒன்றிரண்டு மணித்தியாலம், அதுவும் வேலை கூடிய நேரத்தில். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலிலிருந்து மேடேறிப் போகிற நாள், கல்யாண வீட்டில் சமையலுக்கு நிற்கிற நாள், இப்படி இழுவை வரும் என்று தெரிந்த பொழுதுகளுக்கு முன்பே அணிவது நல்லது. பழகிய பிறகு பகல் முழுக்கப் போடலாம். இரவில் வேண்டாம். படுத்திருக்கும்போது கீழ்நோக்கிய பாரமே இல்லை, தோலுக்கும் ஓய்வு வேண்டும்.

படி 7: நம் ஊர் வெக்கையில் பராமரிப்பு

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கடலோர ஈரப்பதத்தில் இறுக்கமான ஆடைக்குள் வியர்வை தங்கினால் தொடை இடுக்கில் பங்கசு பிடிக்கும், அரிக்கும், அப்புறம் ஆடையையே வெறுத்துவிடுவோம். குறைந்தது மூன்று வைத்திருங்கள். வியர்வையில் நனைந்தால் மத்தியானமே மாற்றுங்கள். வாசனையில்லாத சவர்க்காரத்தில் கையால் தோய்த்து, முறுக்காமல் பிழியுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். நிழலில் போட்டால் இலாஸ்டிக் கன நாள் உழைக்கும். மாரியில் காயாமல் ஈரப்பதத்தோடு எடுத்துப் போடுவதுதான் ஆபத்து. இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்காத இலாஸ்டிக் தாங்காது, மாற்றிவிடுங்கள்.

படி 8: இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை

உள்ளாடை இறக்கத்தைக் குணப்படுத்தாது. கழற்றினால் தாங்கலும் போய்விடும். தசைக்குப் பலம் வர வேண்டுமென்றால் பயிற்சிதான் வழி. ஆர்னல்ட் கெகல் என்ற அமெரிக்க டொக்டர் 1948இல் எழுதிய பயிற்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. காற்றை அடக்குவது போலவும் சிறுநீரை நிறுத்துவது போலவும் உள்ளே மேலே இழுத்து, சில விநாடி பிடித்து, முழுமையாகத் தளர்த்த வேண்டும். எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை என்று தொடங்கலாம். மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. ஆரம்பநிலை இறக்கத்துக்கு, கற்றுத்தருபவரின் மேற்பார்வையில் குறைந்தது 16 வாரம் செய்து பார்க்கலாம் என்பது பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டல். ஆகவே இரண்டு கிழமையில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். உள்ளாடை அணிந்திருக்கும்போதும் செய்யலாம்.

மலச்சிக்கலைக் கட்டாயம் தீர்க்க வேண்டும். தண்ணீர், கீரை, பழம். கொமேட்டில் இருப்பவர்கள் காலுக்கு ஒரு சிறு பலகை வைத்தால் முக்கத் தேவை குறையும். பாரம் தூக்குவதைக் கூடுமானவரை மற்றவரிடம் விடுங்கள். 12.5 கிலோ காஸ் நிரப்பிய சிலிண்டருக்கு வெற்று உருளையின் பாரமும் சேர்கிறது, அதை நீங்கள் தூக்கி மாற்றத்தான் வேண்டுமா? வீட்டில் மகனோ கணவரோ இருக்கிறார்களே. தூக்கியே ஆக வேண்டுமென்றால், முதலில் கீழே இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள்.

படி 9: கிளினிக்கில் சொல்லுங்கள்

உங்கள் பகுதிக் குடும்ப நல மிஸ்ஸிடம் கேட்டால் சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று சொல்வார். 35 வயது தாண்டியவர்கள் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனையையும் அங்கேயே செய்துகொள்ளலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து ஆஸ்பத்திரி பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். எல்லாவற்றுக்கும் ஒப்பரேஷன்தான் என்று பயப்படாதீர்கள். யோனிக்குள் வைத்து, இறங்கும் உறுப்பைத் தாங்கும் சிலிக்கோன் வளையம் ஒன்று இருக்கிறது. டொக்டர் அளவு பார்த்து வைப்பார், குறித்த காலத்தில் கழற்றிச் சுத்தம் செய்து பார்ப்பார்கள்.

வெட்கத்தில் "வயித்துவலி" என்று மட்டும் சொன்னால் வயிற்றைப் பார்த்து மருந்து தந்து அனுப்பிவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "டொக்டர், கீழே ஏதோ இறங்குற மாதிரி இருக்கு. பின்னேரம் கூடும், படுத்தால் குறையும்." இருமும்போது சிறுநீர் கசிகிறதா, கையில் ஏதும் தட்டுப்படுகிறதா, எத்தனை பிள்ளைகள், மாதவிடாய் எப்போது நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். அணியும் உள்ளாடையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஆனால் பரிசோதனை நாளன்று அதை அணிந்து போக வேண்டாம். தாங்கல் இல்லாமல் இருக்கும்போதுதான் இறக்கம் எவ்வளவு என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியும்.